கடல் நகரங்களைக் கட்டும் ஊர்கள்



இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பெரிய சொகுசுக் கப்பல்கள். அவற்றில் ஏறிப் போகிறவர்களைப் பற்றிச் சொல்ல ஆயிரம் விளம்பரங்கள் இருக்கின்றன. நான் அவற்றைக் கட்டுகிறவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். உங்கள் முன் ஒரே ஒரு கருத்தைத்தான் வைக்கப் போகிறேன். இத்தகைய கப்பலை வெறும் பணம் கட்டிவிடாது. தனியொரு நிறுவனமும் கட்டிவிடாது. ஓர் ஊர் கட்டுகிறது. பல தலைமுறைகளாக அந்த வேலையை விடாமல் செய்து பழகிய ஓர் ஊர் கட்டுகிறது. அந்தப் பழக்கம் ஒரு தலைமுறை அறுந்துபோனால், பிறகு எத்தனை கோடி கொட்டினாலும் அதை விலைக்கு வாங்குவது அரிது.

சென்னையிலிருந்தே புறப்படுவோம். 2022 ஜூன் மாதம் நம் துறைமுகத்திலிருந்து 'எம்ப்ரஸ்' என்ற சொகுசுக் கப்பல் கிளம்பியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பி வைத்தார். கரையில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கப்பல் எங்கே பிறந்தது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? பிரான்சின் மேற்குக் கரையில், லுவார் ஆறு அட்லாண்டிக் கடலில் கலக்கும் இடத்தில், சான் நசேர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 1990-இல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் கட்டப்பட்ட கப்பல் அது. 48,563 கிராஸ் டன்.

இந்த டன் எடையைக் குறிப்பதில்லை என்பதை மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கப்பலின் மூடிய இடங்கள் அனைத்தின் கொள்ளளவிலிருந்து கணக்கிடும் எண் அது. இப்போது அதே கணக்கில் இன்னொரு கப்பலைப் பாருங்கள். 2023 நவம்பரில் பின்லாந்தின் துர்க்கு நகரில் கட்டி ஒப்படைக்கப்பட்ட 'ஐகான் ஆஃப் த சீஸ்' 2,48,663 கிராஸ் டன். நீளம் 365 மீட்டர். இருபது அடுக்குகள். நிரம்பினால் 7,600 பயணிகள். அவர்களுக்குப் பணிசெய்ய 2,350 ஊழியர்கள். சென்னையில் நாம் வியந்து பார்த்த கப்பலைப் போல் ஐந்து கப்பல்கள் இந்த ஒன்றுக்குள் அடங்கும்!

இதைக் கட்டுகிறவர்கள் யார்? உலகத்தில் கட்டப்படும் கப்பல்களில், அளவைக் கொண்டு பார்த்தால், மிகப் பெரும்பகுதி சீனா, தென்கொரியா, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளில் கட்டப்படுகிறது. எண்ணெய்க் கப்பல் வேண்டுமா, கண்டெய்னர் கப்பல் வேண்டுமா, எரிவாயுக் கப்பல் வேண்டுமா, அங்கேதான் போக வேண்டும். சொகுசுக் கப்பல் என்றால் மட்டும் கதை மாறிவிடுகிறது. பின்லாந்தின் துர்க்கு, ஜெர்மனியின் பாப்பன்பர்க், பிரான்சின் சான் நசேர், இத்தாலியின் மான்ஃபால்கோனேயும் அதன் சகோதரத் தளங்களும் என்று விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஐரோப்பிய ஊர்களிலேயே அந்தத் தொழில் பெரும்பாலும் குடிகொண்டிருக்கிறது. கூலி அதிகமான நாடுகள், எஃகு மலிவாகக் கிடைக்காத நாடுகள். அப்படியிருந்தும் ஏன் அங்கே? இதுதான் இன்று நம் கேள்வி.

கப்பலுக்குள் நுழைந்து பார்த்தால்தான் விடை கிடைக்கும். சரக்குக் கப்பலில் தடித்த எஃகுத் தகடு, பெரிய கிடங்குகள், பின்னால் ஓர் எஞ்சின். அதைச் சுலபமான வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய வேலை. சொகுசுக் கப்பலிலோ மேல் அடுக்குகளின் தகடுகள் ஐந்து, ஆறு மில்லிமீட்டர்தான். ஏன் அத்தனை மெல்லியது? மேலே எடை கூடக்கூடாது. மெல்லிய தகட்டில் வெல்டிங் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், சூடு பட்டதும் அது அப்பளம் போல் நெளிந்துவிடும். தரை நெளிந்தால் சுவர் நிற்காது, கதவு சாத்தாது. நெளிந்ததை நிமிர்த்தவே ஒரு படை ஆட்கள் வேண்டும். பாப்பன்பர்க்கில் இதற்காகவே லேசர் ஒளியையும் மின்வில்லையும் ஒன்றாகச் சேர்த்து, குறைந்த சூட்டில் பற்றவைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். தடித்த தகட்டில் கை பழகிய வெல்டருக்கு இந்த மெல்லிய தகடு வேறொரு தொழில்.

ஒரே ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். துர்க்குவுக்கு அருகில் பீக்கியோ என்ற சிற்றூரில் ஒரு தொழிற்சாலை. அங்கே பயணிகளின் அறைகளை மட்டும் தனித்தனியாகச் செய்கிறார்கள். சுவர், கூரை, குளியலறை, குழாய், கண்ணாடி, மின்கம்பி எல்லாம் உள்ளேயே பொருத்தப்பட்டு முழு அறையாகக் கப்பல் தளத்துக்கு வருகிறது. கப்பலின் பக்கவாட்டில் விட்டுவைத்த திறப்பு வழியாக அதை உள்ளே ஏற்றி, அடுக்கின் தரைமீது தள்ளிக்கொண்டு போய், அதற்குரிய இடத்தில் நிறுத்துகிறார்கள். நடைபாதைப் பக்கம் உள்ள ஒடுங்கிய கூண்டில் தண்ணீர், கழிவுநீர், மின்சாரம், குளிர்காற்று நான்கையும் இணைத்தால் அறை தயார். ஐகான் கப்பலில் இப்படி 2,805 அறைகள். தரை நெளிந்திருந்தாலோ, தூண் சற்றுத் தள்ளி நின்றாலோ, கூரைக்கு மேலே ஓடும் குழாய் கொஞ்சம் தாழ்ந்திருந்தாலோ அறை உள்ளே போகாது. ஓர் அறை போகாவிட்டால் அதன் பின்னால் வரிசையில் நிற்கும் நூறு அறைகளும் போகா. அதற்குள் குழாய்க்காரர் வந்துவிடுவார், தச்சர் வந்துவிடுவார், கம்பளம் விரிப்பவர் வந்துவிடுவார். ஒரே நடைபாதையில் பத்துத் தொழிலாளர்கள், பத்து நிறுவனங்கள், பத்து மொழிகள். யார் முதலில், யார் பிறகு என்ற அந்த ஒழுங்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுதப்படவில்லை. முப்பது வருடம் அந்த நடைபாதையில் நின்ற மேஸ்திரியின் தலைக்குள் இருக்கிறது.

நான் போகும் இடமெல்லாம் ஒரு கேள்வி வருகிறது. "ஐயா, இவ்வளவு உயரமான கப்பல் ஏன் கவிழ்வதில்லை?" நியாயமான கேள்வி. துர்க்குவில் 2009-இல் கட்டிய 'ஒயாசிஸ் ஆஃப் த சீஸ்' நீர்மட்டத்துக்கு மேலே 72 மீட்டர். நீருக்குள் ஒன்பது மீட்டருக்குச் சற்று அதிகம். எஞ்சின்கள், எரிபொருள், நீர்த்தொட்டிகள் என்று கனமானவை எல்லாம் அடியில் இருக்கின்றன, அதனால் கவிழாது என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி அதன் அகலத்தில் இருக்கிறது. நீர்மட்டத்தில் அதன் அகலம் 47 மீட்டர். கப்பல் ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்தில் அதிக உடல் நீருக்குள் அமிழ்கிறது, அமிழ்ந்த பகுதியை நீர் மேலே தள்ளுகிறது, கப்பல் நிமிர்கிறது. அப்படியானால் இன்னும் அகலமாக, இன்னும் அடியில் கனமாகக் கட்டிவிட்டால் நல்லதுதானே? இல்லை! அப்படிக் கட்டினால் கப்பல் வெடுக்கென்று நிமிரும்; வெடுக்வெடுக்கென்று ஆடும்; உள்ளே இருப்பவர்கள் வாந்தியெடுத்துப் படுத்துவிடுவார்கள். கவிழவும் கூடாது, விறைக்கவும் கூடாது. அந்த நடுப்புள்ளியைப் பிடிப்பதில்தான் வடிவமைப்பவரின் திறமை இருக்கிறது. கட்டி முடியும்போது மேல் அடுக்குகளில் கணக்கை மீறி எடை ஏறிவிட்டால் அந்த நடுப்புள்ளி கைநழுவிவிடும். அதனால்தான் ஒவ்வொரு தகட்டையும் ஒவ்வொரு கம்பளத்தையும் எடைக் கணக்கில் எழுதுகிறார்கள்.

பின்லாந்துக்கு இந்த வித்தை எப்படி வந்தது? நண்பர்களே, அது தோல்வியிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் தோற்ற பின்லாந்து, சோவியத் நாட்டுக்கு 30 கோடி டாலர் இழப்பீடு கட்ட வேண்டியதாயிற்று. பணமாக அல்ல, பொருளாக. அதில் பெரிய பங்கு கப்பல்கள். அதுவரை மரமும் காகிதமும் விற்ற சிறிய நாடு, எட்டே ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான கப்பல்களைக் கட்டித் தள்ளியது. 1952-இல் கடன் தீர்ந்தது. கடன் தீர்ந்தபோது அந்த நாட்டின் கையில் கப்பல் தளங்கள் இருந்தன, பயிற்சி பெற்ற தொழிலாளர்கள் இருந்தார்கள், சோவியத் வாடிக்கையாளரும் இருந்தார். அவர் அடுத்துக் கேட்டது பனி உடைக்கும் கப்பல். பால்டிக் கடல் குளிர்காலத்தில் உறையும் கடல். பின்லாந்தில் பிறந்தவனுக்குப் பனிக்கட்டியின் குணம் தெரியும். ஹெல்சிங்கியில் வார்ட்சிலா நிறுவனத்தின் தளம் பனி உடைக்கும் கப்பல்களுக்கு உலகத்தின் முகவரியாயிற்று.

பனி உடைக்கும் கப்பலுக்கும் கரீபியன் கடலில் நீச்சல்குளத்தோடு போகும் சொகுசுக் கப்பலுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். உறவு கப்பலின் பின்புறத்தில், நீருக்கு அடியில் இருக்கிறது. பனிக்கட்டிக்குள் சிக்கிய கப்பல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் உந்தித்தான் வெளியே வர முடியும். சுக்கான் மட்டும் போதாது. மின்மோட்டாரையே ஒரு கூண்டில் வைத்து, புரொப்பெல்லரோடு கப்பலுக்கு வெளியே தொங்கவிட்டு, 360 பாகையும் சுழலும்படி செய்தால் என்ன? பின்லாந்துக்காரர்கள் செய்தார்கள். 'அசிபாட்' என்று பெயர் வைத்தார்கள். 1990-இல் 'செய்லி' என்ற சின்னஞ்சிறு அரசுப் பணிக்கப்பலில் பொருத்திப் பார்த்தார்கள். 1998-இல் ஹெல்சிங்கியில் கட்டிய 'எலேஷன்' என்ற சொகுசுக் கப்பலில் அது முதன்முதலாக ஏறியது. நீண்ட சுழல்தண்டு வேண்டாம், சுக்கானே வேண்டாம், அதிர்வு குறைந்தது, இழுவைப் படகின் உதவியில்லாமல் கப்பல் தானே துறையில் ஒட்டி நின்றது. உறைந்த கடலுக்காகப் பிறந்த கருவி வெயில் கடலின் கப்பல்களை நகர்த்தத் தொடங்கியது. ஐகான் கப்பலையும் இப்படிச் சுழலும் கூண்டுகள்தான் உந்திச் செல்கின்றன.

இன்னொரு மரபும் அங்கே உண்டு. ஹெல்சிங்கியிலிருந்தும் துர்க்குவிலிருந்தும் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமுக்கு ஓரிரவுப் பயணம். கார்களையும் லாரிகளையும் ஏற்றிக்கொண்டு, மேலே உணவகம், கடை, படுக்கையறை என்று ஃபெர்ரிகள் அந்த வழியில் ஓடின. இரண்டு நிறுவனங்களுக்குள் கடும் போட்டி. போட்டியில் ஒவ்வொரு கப்பலும் முந்தையதைவிடப் பெரியது, முந்தையதைவிடப் புதுமையானது. 1990-இல் துர்க்குவிலிருந்து 'சில்யா செரனேட்' வந்தது. கப்பலின் நடுவே, பல அடுக்கு உயரத்துக்கு, 140 மீட்டர் நீளத்துக்கு ஒரு தெரு! இருபுறமும் கடைகள், மேலே அந்தத் தெருவைப் பார்த்து ஜன்னல் வைத்த அறைகள். உள்பக்க அறையென்றால் ஜன்னலே இல்லாத பெட்டிதான் என்ற பழைய விதி அன்றோடு உடைந்தது. ஒன்பது ஆண்டு கழித்து அதே துர்க்குவில் அந்தத் தெருவை 1,37,000 டன் 'வாயேஜர் ஆஃப் த சீஸ்' கப்பலுக்குள் வைத்தார்கள். இன்னும் பத்து ஆண்டு கழித்து ஒயாசிஸ் கப்பலில் தெருவின் கூரையைத் திறந்து, வானம் பார்த்த பூங்கா வைத்தார்கள், உண்மையான செடிகொடிகளோடு. ஓரிரவு ஃபெர்ரியில் கற்ற பாடம் உலகின் மிகப் பெரிய பயணிகள் கப்பலாக வளர்ந்தது. இதற்கெல்லாம் சற்று முன்பு, 1989-இல், வார்ட்சிலாவின் கப்பல் பிரிவு திவாலானதையும் மறக்கக்கூடாது. மார்ட்டின் சாரிகங்காஸ் என்பவர் தலைமையில் மாசா-யார்ட்ஸ் என்ற புதிய நிறுவனம் எழுந்து, பாதியில் நின்ற கப்பல்களைக் கட்டி முடித்தது. நிறுவனம் செத்தது, ஆட்கள் கலையவில்லை. கலைந்திருந்தால் நான் சொன்ன கதையில் பாதி நடந்திருக்காது.

ஒயாசிஸ் பிறந்த வீட்டைவிட்டுக் கிளம்பிய காட்சியைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. பால்டிக் கடலிலிருந்து வெளியே வர டென்மார்க்கின் கிரேட் பெல்ட் பாலத்துக்கு அடியில் போக வேண்டும். பாலத்துக்கு அடியில் இடைவெளி 65 மீட்டர். கப்பலோ 72 மீட்டர். கட்டும்போதே இதை யோசித்திருந்தார்கள். புகைபோக்கிகள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும்படி செய்திருந்தார்கள். அவற்றை இறக்கியும் தலைக்கு மேல் மிஞ்சிய இடம் மிகக் குறைவு. அப்போது மாலுமிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? வேகத்தைக் கூட்டினார்கள்! ஆழம் குறைந்த நீரில் பெரிய கப்பல் விரைந்து போனால், அதன் அடிக்கும் கடல்தரைக்கும் நடுவே நீர் பாய்ந்தோடி அழுத்தம் குறைகிறது. கப்பல் சற்றுக் கீழே அமிழ்கிறது. துறைமுக வழிகளில் மாலுமிகள் அஞ்சும் விளைவு அது. அதையே இங்கே துணைக்கு அழைத்தார்கள். 2009 அக்டோபர் கடைசியில், ஓர் இரவில், கரையில் நின்ற கூட்டம் பார்த்திருக்க, அந்தக் கப்பல் பாலத்தின் அடியில் புகுந்து வெளியே வந்தது. இடைவெளி இரண்டு அடிக்கும் குறைவு.

அடுத்து ஜெர்மனிக்கு வாருங்கள். பாப்பன்பர்க் கடற்கரை ஊரே இல்லை. எம்ஸ் என்ற ஆற்றின் கரையில், கடலிலிருந்து 36 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. 1795-இல் வில்ம் ரோல்ஃப் மேயர் என்பவர் அங்கே மரக்கப்பல் கட்டத் தொடங்கினார். அந்த ஊரில் அன்று மரக்கப்பல் கட்டிய தளங்கள் பல இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்பு வந்தது. மரத்தையே பிடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். மேயர் குடும்பம் 1870-களில் இரும்புக்கு மாறிப் பிழைத்தது. ஏழு தலைமுறை அதே குடும்பம், அதே ஊர். இன்று 500 மீட்டருக்கு மேல் நீளமும் 75 மீட்டர் உயரமும் கொண்ட மூடிய கூடத்துக்குள் கப்பல் கட்டுகிறார்கள். மழையில்லை, காற்றில்லை, மெல்லிய தகட்டை வதைக்கும் வெயிலும் இல்லை.

கட்டி முடித்த கப்பல் அந்தக் குறுகிய ஆற்றில் எப்படிக் கடலுக்குப் போகிறது? பின்னோக்கிப் போகிறது! பின்பக்கத்தை முன்னால் வைத்து, இழுவைப் படகுகள் துணைவர, வளைவுக்கு வளைவு மெல்ல நகர்கிறது. அப்படிப் போனால்தான் அந்தக் குறுகலில் கப்பல் சொன்னபடி கேட்கிறது. ஆற்றில் ஆழம் போதாதபோது கான்டர்சும் என்ற இடத்தில் 2002-இல் கட்டிய தடுப்பணையை மூடி நீரைத் தேக்குகிறார்கள். மாடு மேயும் புல்வெளிகளுக்கு நடுவே இருபது மாடிக் கட்டடம் ஒன்று நகர்ந்து போகிறது. சுற்றுவட்டார மக்கள் குடும்பத்தோடு வந்து கரைமேட்டில் நின்று பார்க்கிறார்கள். நம் ஊரில் தேர் பார்க்கப் போவதைப் போல. ஆனால் அந்த ஆறு கொடுக்கும் விலையையும் நான் மறைக்க மாட்டேன். கப்பலுக்காகத் தோண்டித் தோண்டி ஆழப்படுத்தியதில் எம்ஸ் ஆறு சேறாகிவிட்டது. கோடையில் நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் தவிக்கின்றன. சுற்றுச்சூழல் அமைப்புகள் பல ஆண்டுகளாகப் போராடுகின்றன. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

2024-இல் அந்தத் தளமே மூழ்கும் நிலைக்கு வந்தது. கப்பல் வாங்குபவர் கட்டும்போது 20 விழுக்காடு தருவார், மீதி 80 விழுக்காடு ஒப்படைக்கும்போதுதான். இடைப்பட்ட ஆண்டுகளில் எஃகின் விலை ஏறினாலும், எரிபொருள் விலை ஏறினாலும் தளத்தின் தலையில்தான் விழும். பெருந்தொற்றும் அதற்குப் பின்வந்த விலையேற்றமும் சேர்ந்து மேயர் நிறுவனத்தின் கழுத்தை நெரித்தன. ஜெர்மன் கூட்டரசும் லோயர் சாக்சனி மாநில அரசும் சேர்ந்து சுமார் 80 விழுக்காடு பங்கை வாங்கிக் காப்பாற்றின. சந்தைப் பொருளாதாரத்தைப் பேசும் அரசு ஏன் மக்கள் பணத்தைப் போட்டது? அந்தத் தளம் மூடினால் ஆயிரக்கணக்கான கைகள் கலைந்துவிடும். கலைந்த கைகளைத் திரும்பச் சேர்க்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். எப்படித் தெரியும்? ஸ்காட்லாந்தைப் பார்த்தவர்கள் அவர்கள்.

கிளைட் ஆற்றங்கரையில் கிளைட்பேங்க் என்ற ஊர். ஜான் பிரவுன் கப்பல் தளம். 'குயீன் மேரி' அங்கே பிறந்தது. 'குயீன் எலிசபெத்' அங்கே பிறந்தது. 1967 செப்டம்பரில் 'குயீன் எலிசபெத் 2' அங்கேதான் நீரில் இறங்கியது. உலகத்தின் பெருமைமிக்க பயணிகள் கப்பல்கள் பலவற்றுக்கு அது தாய்வீடு. ஐந்தே ஆண்டுகளில் அங்கே கப்பல் கட்டுவது நின்றது. தளம் எண்ணெய்த் துரப்பண மேடைகள் செய்யும் இடமாக மாறியது. 2000-இல், அந்தக் கப்பல்களைக் கட்டச் சொன்ன அதே குனார்டு நிறுவனம் 'குயீன் மேரி 2' கட்ட வேண்டும் என்று முடிவெடுத்தபோது எங்கே போயிற்று? பிரிட்டிஷ் அரசியின் பெயர் தாங்கிய கப்பலைக் கட்டப் பிரான்சின் சான் நசேருக்குப் போயிற்று! கிளைட்பேங்கில் இன்று 1907-ஆம் ஆண்டின் 'டைட்டன்' பாரந்தூக்கி மட்டும் நினைவுச்சின்னமாக நிற்கிறது. முப்பது ஆண்டு. ஒரு தலைமுறைதான் அறுந்தது.

சான் நசேரில் அந்தத் தொடர்பு அறுபடவில்லை. 1860-களில் ஜான் ஸ்காட் என்ற ஸ்காட்லாந்துக்காரர்தான் அங்கே தளம் அமைத்து, விவசாயிகளுக்கு இரும்புக்கப்பல் கட்டக் கற்றுக்கொடுத்தார். ஆசான் வீட்டில் அணைந்த விளக்கு மாணவன் வீட்டில் எரிகிறது! 1932-இல் அங்கே 'நார்மண்டி' இறங்கியது. ரஷ்யப் புரட்சிக்குப் பின் அகதியாகப் பாரிசுக்கு வந்த விளாதிமிர் யூர்கெவிச் அதன் அடிவடிவத்தை வரைந்தார். நீரைக் கிழிக்கும் முகப்பின் கீழே ஒரு புடைப்பு. இடையில் அகன்று முன்னால் ஒடுங்கும் உடல். போட்டிக் கப்பலான குயீன் மேரியைவிடக் குறைந்த எஞ்சின் திறனில் அதற்கு நிகரான வேகம் எடுத்தது. நீராவிச் சுழலியிலிருந்து மின்சாரம், மின்சாரத்திலிருந்து உந்துவிசை என்ற ஏற்பாடும் அதில் இருந்தது. இன்றைய சொகுசுக் கப்பல்களும் மின்சாரத்தால்தான் உந்தப்படுகின்றன.

பிறகு 'பிரான்ஸ்' என்ற 315 மீட்டர் கப்பல். விமானம் வந்து அட்லாண்டிக் கப்பல் பயணத்தை விழுங்கியதால் 1974-இல் அது கரையோரம் கட்டிப் போடப்பட்டது. நார்வேக்காரர் ஒருவர் 1979-இல் வாங்கி, 'நார்வே' என்று பெயர் மாற்றி, கரீபியனில் ஓட்டிக் காட்டினார். பெரிய கப்பலே ஒரு சுற்றுலாத் தலம் என்று முதலாளிகள் கண்டுகொண்டது அதன் பிறகுதான். அந்தக் கப்பல் கடைசியில் வந்து சேர்ந்த இடம் எது? நம் குஜராத்தின் அலங் கடற்கரை. ஆஸ்பெஸ்டாஸ் நிறைந்த அந்தக் கப்பலை உடைக்கலாமா என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. இறுதியில் அனுமதி கிடைத்து, 2008-க்குள் உடைத்து முடித்தார்கள். எஃகு நமக்கு வந்தது. தூசியும் நம் தொழிலாளர்களுக்கே வந்தது.

இந்த வேலை உயிரையும் வாங்குகிறது. 2003 நவம்பர் 15. குயீன் மேரி 2 கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. கட்டியவர்களின் குடும்பத்தாரும் உறவினரும் கப்பலைப் பார்க்க வரலாம் என்று ஒரு நாளை ஒதுக்கினார்கள். அப்பா செய்த வேலையைப் பார்க்கப் பிள்ளைகள், கணவர் செய்த வேலையைப் பார்க்க மனைவியர். கரையையும் கப்பலையும் இணைத்த நடைபாலம் இடிந்து உலர்துறையின் அடியில் விழுந்தது. 16 பேர் இறந்தார்கள். மான்ஃபால்கோனேயில் ஒரு தலைமுறைத் தொழிலாளர்களைக் கப்பலின் வெப்பத் தடுப்புக்கு அடைத்த ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரல் நோயாகக் கொன்றது. இன்று அதே தளத்தில் வங்கதேசத்துத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வெல்டிங் செய்கிறார்கள். கப்பலை வியக்கிறவர்கள் இவர்களையும் சேர்த்தே கணக்கில் எடுக்க வேண்டும்.

சரி, பணமும் திறமையும் நிறைந்த நாடு ஒன்று புதிதாக இந்தத் தொழிலில் இறங்கினால்? ஜப்பான் இறங்கியது. நாகசாகியில் மிட்சுபிஷி தளம். 'முசாஷி' என்ற மாபெரும் போர்க்கப்பலைக் கட்டிய இடம். 2002-இல் அங்கே 'டயமண்ட் பிரின்சஸ்' கட்டிக்கொண்டிருந்தபோது வெல்டிங் சூட்டில் தீப்பிடித்து உள்பகுதி கருகியது. கப்பலுக்குத் தண்ணீரைவிடக் கொடிய பகைவன் தீ. அதிலும் பாதி கட்டிய கப்பலில் பஞ்சும் பலகையும் திறந்து கிடக்கும். அதிலிருந்து மீண்டு, 2011-இல் ஜெர்மானிய நிறுவனம் ஒன்றுக்கு இரண்டு கப்பல்கள் கட்ட ஒப்புக்கொண்டார்கள். உள்வேலைகளின் வடிவமைப்பு இழுத்துக்கொண்டே போயிற்று. ஆட்களையும் பொருளையும் ஐரோப்பாவிலிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று. 'ஐடாபிரிமா' ஓராண்டு தாமதமாக 2016-இல்தான் ஒப்படைக்கப்பட்டது. நட்டம் 200 கோடி டாலருக்கும் மேல். பெரிய சொகுசுக் கப்பலே வேண்டாம் என்று மிட்சுபிஷி விலகிக்கொண்டது. எஃகுக் கூடு கட்டுவதில் ஜப்பானியருக்கு யாரும் பாடம் சொல்ல முடியாது. பீக்கியோவில் இருப்பதைப் போன்ற ஓர் அறைத் தொழிற்சாலை, அந்தத் தச்சர்கள், அந்த மேஸ்திரிகள் அவர்களைச் சுற்றி இல்லை.

கொரியாவின் எஸ்.டி.எக்ஸ். நிறுவனம் வேறு வழி பார்த்தது. 2008-வாக்கில் துர்க்குவையும் சான் நசேரையும் விலைக்கே வாங்கிவிட்டது. ஆனால் வேலையைக் கொரியாவுக்குக் கொண்டுபோக முடியவில்லை. ஒயாசிஸ் துர்க்குவிலேயேதான் கட்டப்பட்டது. பிறகு எஸ்.டி.எக்ஸ். நொடித்தது. துர்க்குவை மேயர் வாங்கினார். சான் நசேரைப் பிரெஞ்சு அரசு 2017-இல் தன் கைக்கு எடுத்தது. முதலாளி மாறினார், ஊர் மாறவில்லை.

சீனா இதையெல்லாம் கவனித்திருக்க வேண்டும். தாங்களே முதலிலிருந்து வரையப் போகிறோம் என்று அவர்கள் கிளம்பவில்லை. இத்தாலியின் ஃபின்கான்டியேரி ஏற்கெனவே கட்டிப் பார்த்த வடிவத்தை உரிமம் பெற்று வாங்கினார்கள். இத்தாலியர்களையும் கூட அழைத்தார்கள். 2019-இல் ஷாங்காயில் முதல் தகட்டை வெட்டினார்கள். 2023 நவம்பரில் 1,35,500 டன் 'அடோரா மேஜிக் சிட்டி' ஒப்படைக்கப்பட்டது. முதல் கப்பல் முடியும் முன்பே, 2022-இல், சற்றுப் பெரிதான இரண்டாவது கப்பலைத் தொடங்கிவிட்டார்கள். நான் அவர்களை மெச்சுவது இந்த இரண்டாவது கப்பலுக்காகத்தான். முதல் கப்பலில் பழகிய கைகள் ஒரு நாள்கூடச் சும்மா இருக்கக் கூடாது என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

மாணவர்களின் முகத்தில் அடுத்த கேள்வி தெரிகிறது. நம்மால் முடியுமா? கொச்சியில் 'விக்ராந்த்' விமானந்தாங்கிக் கப்பலைக் கட்டி 2022-இல் கடற்படையில் சேர்த்த நாடு இது. எஃகு வேலை நமக்குத் தெரியும். ஆனால் நாளைக்கே ஐகான் போன்ற ஒன்றைக் கட்டுவோம் என்று யாராவது மேடையில் முழங்கினால் நம்பாதீர்கள். நாகசாகியில் நடந்ததைச் சொல்லி நிறுத்துங்கள். துர்க்கு எங்கே தொடங்கியது? பக்கத்து நாட்டுக்குப் போகும் ஓரிரவு ஃபெர்ரியில் தொடங்கியது. நமக்கும் அப்படிப்பட்ட கடல்வழிகள் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு மீண்டும் பயணிகள் கப்பல் விட்டிருக்கிறோம். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு ஏறத்தாழ மூன்று நாள் பயணம். அந்தமான் நிர்வாகத்துக்குக் கொச்சித் தளம் பயணிகள் கப்பல்கள் கட்டித் தந்திருக்கிறது. அந்தக் கப்பல்களின் படுக்கையறையை, கழிப்பறையை, சமையற்கூடத்தை யார் வரைகிறார்கள், எங்கே செய்கிறார்கள், அடுத்த கப்பலுக்கும் அதே ஆட்கள் இருப்பார்களா என்று கேளுங்கள். இந்த அரங்கில் கப்பல் கட்டுமானப் படிப்பில் இருப்பவர்கள் கை தூக்குங்கள் என்றால் எத்தனை கை உயரும் என்று எனக்குத் தெரியாது. கூட்டம் முடிந்ததும் அவர்கள் மேடைக்கு வாருங்கள். போர்ட் பிளேர் கப்பலின் அறைகளைப் பற்றியே பேசுவோம்.